வேண்டுமென்றே போட்ட இரைச்சல்

கல்கத்தா-29
5 ஜூலை 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சாதனாவின் நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். நீ, அத்திம்பேர், உன் மாமியார் எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? அப்பாவின் முழங்கால் வலி மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. லேக் மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் வந்திருப்பதால் அம்மா தினமும் அதே சாம்பார் வைக்கிறாள்.

இந்தக் கடிதம் ஒரு பார்சலுக்குள் இருக்கும். அம்மா துணி சுற்றித் தைத்துக் கொடுத்தாள். உள்ளே சோப்புப் பெட்டி, அதற்குள் ஒரு காசெட். அக்கா, அதுதான் எங்கள் 'லோஹாலக்கர்' பாண்டின் முதல் ஆல்பம்! இந்தப் பெயரை முதலில் சொன்னபோது, "பழைய இரும்புச் சாமானா? ஈயம் பித்தளையும் எடுப்பீர்களா?" என்று கேட்டுச் சிரித்தாயே, அதே பாண்டுதான். தேபு கிடார். ஜோய் பாஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறான். நான் டிரம்ஸ். ஒன்பது பாட்டு, எல்லாம் பெங்காலியில், எல்லாம் ஹெவி மெட்டல்.

பெஹாலாவில் ஜோயின் மாமா பாதல்தாவுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கீர்த்தனை, பக்திப் பாட்டு என்று வெகுகாலமாக ரெக்கார்டிங் செய்கிறவர். மருமான் ஆசைப்படுகிறானே என்று சாயங்காலங்களில் எங்களுக்குத் திறந்துவிட்டார். தங்கமான மனிதர். நாங்கள் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து எங்கள் பாட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

உனக்கு அனுப்பியிருப்பது நாங்களே எடுத்த மாதிரிப் பிரதி; காசெட் கம்பெனிக்குத் தீபாவளி கழித்து டேப்பைக் கொடுக்க வேண்டும். ஜனவரியில் ஜோய் வேலைக்குப் புனே போகிறான். இன்னொரு ஆல்பம் வருமா என்பதெல்லாம் சும்மா பேச்சு, வராது. காலேஜ் நாளிலிருந்து நாங்கள் வாசித்ததற்கெல்லாம் இது ஒன்றுதான் மிஞ்சப்போகிறது. கேட்டவர்கள் எல்லாரும் பிரமாதமென்று "தாருண், தாருண்" போடுகிறார்கள். பெங்காலிகள் ரசகுல்லாவையும் அப்படித்தான் சொல்வார்கள். நீ கேட்டுவிட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் வேண்டாம், அப்பா பக்கத்திலேயே நிற்பார்.

தபால்காரரை வாசலிலேயே வழிமறிக்கக் காத்திருக்கும்
சாதனா


திருச்சி-14
19 ஜூலை 1998

அன்புள்ள சாதனாவுக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் மூவரும் நலம். அப்பா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அவர் மாட்டேன் என்பார், நீ கேட்காதே.

பார்சல் பத்திரமாக வந்தது. அம்மாவின் தையல் அவ்வளவு கெட்டி, உன் அத்திம்பேர் பிளேடு வைத்துத்தான் பிரித்தார். காசெட் அட்டை ரொம்ப அழகு. சிவப்பு எழுத்து எடுப்பாக இருக்கிறது. போட்டோவில் உன் தலைமுடிதான் பார்க்க முடியவில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது எண்ணெய் வை. தேபு இன்னும் இளைத்திருக்கிறானே, அவன் வீட்டில் சாப்பாடு போடுவதில்லையா?

பாட்டில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கிறது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் எனக்குப் பெங்காலி மறந்திருக்குமோ என்று பயந்தேன், மறக்கவில்லை. ஜோய்க்குக் குரல் நன்றாக இருக்கிறது. என் மாமியாருக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பழக்கமில்லை. ஆனாலும் மத்தியானம் ஹாலில் படுத்துக்கொண்டு கேட்டார். "இதமா இருக்கே" என்றார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தூங்கியும் விட்டார்.

இந்த வருஷம் மாவடு நன்றாக ஊறியிருக்கிறது. போன வருஷம் உப்புக் கரித்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா, இந்த முறை மாமியாரே அளந்து போட்டார். எங்கள் குவார்ட்டர்ஸில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வருகிறது. எதிர்வீட்டு ஷியாமளா மாமி இரண்டு டிரம் வாங்கி வைத்திருக்கிறாள், நானும் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு ஜாடி மாவடு, ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
நாகலட்சுமி


கல்கத்தா-29
1 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம். ஒத்தடம் கொடுத்தோம், அப்பா திட்டினார், வலி குறைந்தது.

உன் கடிதம் நாலு பக்கம். மாவடு ஒரு பக்கம். தண்ணீர் ஒரு பக்கம். என் தலைமுடிக்குக்கூட இடம் கிடைத்திருக்கிறது. டிரம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ எழுதியிருப்பதில் டிரம் என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அது ஷியாமளா மாமி தண்ணீர் பிடித்து வைப்பது.

எனக்கு உன்னைத் தெரியாதா? கல்யாணமான புதிதில் ஆறு மாதம் அந்த வீட்டுச் சமையலைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. திரைச்சீலை, வாசல் கோலம், பூந்தொட்டி எல்லாம் எழுதினாய். அப்புறம் நீ இங்கே வந்து ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ஹெவி மெட்டல் கேட்டுக்கொண்டே ஒருத்தர் தூங்கிப்போனார் என்பது பாராட்டா, அக்கா? அதை நீ எனக்கு எழுதியதே ஏதோ சொல்லத்தான். சொல்லிவிடு. இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் என்னவோ குடைகிறது, என்னவென்று தெரியவில்லை. வாசித்தது நான், அதனால் எனக்கு இல்லாததும் சேர்ந்து கேட்கிறது.

நல்லது கெட்டது எதுவானாலும் முழுசாக எழுது என்று கேட்டுக்கொள்ளும்
சாதனா


திருச்சி-14
12 ஆகஸ்ட் 1998

அன்புள்ள சாதனாவுக்கு,

ஆசிகள். இங்கே எல்லாரும் நலம். கேட்டுவிட்டாய், அதனால் எழுதுகிறேன். படிக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாம்.

காசெட்டைப் பல தடவை கேட்டேன். ஹாலில் கேட்டேன், சமையலறையில் கேட்டேன், அத்திம்பேரின் வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் கேட்டேன். எங்கே கேட்டாலும் அது வெள்ளிக்கிழமை காலையில் போடுகிற காசெட் மாதிரித்தான் இருக்கிறது. தேபுவின் கிடாரை யாரோ குளிப்பாட்டி, தலைவாரி, பொட்டு வைத்து உட்காரவைத்திருக்கிறார்கள். ஜோய் மைக்குக்குள்ளேயே குடியிருக்கிறான். டிரம்ஸ் அடுத்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ வாசிப்பதுபோல இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே கோயில் மண்டபத்தில் பாடினால் வருமே ஒரு எதிரொலி, அதையும் ஊற்றியிருக்கிறார்கள்.

உனக்கும் எனக்கும் ஒரே அறை. நீ டிரங்குப் பெட்டி மேல் தட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் நான் பி.எஸ்ஸி. பரீட்சைக்குப் படித்தேன். உன் இடது கை எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி விழும், அதில்தான் அழகே. உன் வலது பாதம் கோபக்காரப் பாதம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது சாதனா என்று சொல்லிவிடுவேன். இந்தக் காசெட்டில் அந்தக் கையும் இல்லை, அந்தப் பாதமும் இல்லை. வாசித்தது நீ என்று அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பாட்டுகள் நன்றாக இருக்கின்றன. நீங்கள் வாசித்ததும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது என் வரைக்கும் வந்து சேரவில்லை. இப்படியே வெளியிட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நாளைக்கு நீயே எடுத்துப் போட்டுக் கேட்கும்போது உனக்கு வயிறு எரியும். எனக்கு இப்போதே எரிகிறது.

கோபம் வந்தால் கோபத்தோடேயே பதில் போடு.

நாகலட்சுமி


திருச்சி-14
31 ஆகஸ்ட் 1998

அன்புள்ள சாதனாவுக்கு,

ஆசிகள். நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவார்கள். எனக்கு இந்தத் தடவை நிஜமாகவே ஆவல்.

பிள்ளையார் சதுர்த்தி நல்லபடியாக நடந்தது. கொழுக்கட்டை மேல்மாவு விரியாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது நீ பெஹாலா போயிருப்பதாக அம்மா சொன்னாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொன்னாள். என் கடிதம் கிடைத்ததா என்று அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அத்திம்பேர், "அவ சின்னப் பொண்ணு, கொஞ்சம் பூசி மெழுகி எழுதியிருக்கலாமே" என்கிறார். "பூசி மெழுகினதாலதான் காசெட் அப்படி ஆச்சு" என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். பிறகு எனக்கும் ராத்திரி சாதம் இறங்கவில்லை. ஷியாமளா மாமி தண்ணீர் டிரம்மை விற்றுவிட்டாள், ஓட்டையாம்.

ஒரு வரியாவது எழுது.

நாகலட்சுமி


(போஸ்ட்கார்டு)
திருச்சி-14
14 செப்டம்பர் 1998

சாதனா, ஆசிகள். நாங்கள் நலம். நீ நலமா? எழுத நிறைய இருக்கிறது. தபால்காரர் படிப்பார் என்பதால் எழுதவில்லை. பதில் போடுடி. அக்கா.


கல்கத்தா-29
20 செப்டம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஆயிரம் நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம். எனக்கு மட்டும் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். பேனா பிடிக்கச் சிரமமாக இருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் கடிதத்தை ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டினேன். மறுபடி எடுத்துப் படித்தேன், மறுபடி பூட்டினேன். நீ எழுதியதில் ஒரு வரியாவது பொய் என்று சொல்ல முடிந்திருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். அப்புறம் கோபத்துக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

பாதல்தாவிடம் எப்படிச் சொல்வது? அதுதான் பெரிய மலையாக இருந்தது. மூன்று பேரும் பெஹாலா போய், அவர் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தோம். அடுத்த தடவையும் அப்படித்தான். கடைசியில் அவரே, "திருச்சியில் உன் தீதி கேட்டாளா? என்ன எழுதினாள்? படி" என்றார். நான் பெங்காலியில் சொல்லிக்கொண்டே வந்தேன். கிடாரைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்த இடத்தை மட்டும் தாண்டினேன். "நடுவில் எதையோ முழுங்கினாய்" என்றார். அதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தேபுவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கரகரப்பு, அது நீ வேண்டுமென்றே போட்டதா?"

அக்கா, அவர் தேபுவின் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்று நினைத்திருக்கிறார்! "பாவம், படித்துமுடித்த பிள்ளைகள், புதுசு வாங்கிக்கொண்டு வா என்று சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் போன பிறகு ஒவ்வொரு பாட்டாகச் சுத்தம் செய்தேன்" என்றார். நாங்களோ, பெரியவர் நமக்காகக் கண் விழிக்கிறார், குறை சொன்னால் நன்றாயிருக்காது என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் ஒரே மரியாதை. அந்த மரியாதையில் ஆல்பம் செத்துப்போனது. முதலில் ஜோய்தான் சிரித்தான். அப்புறம் பாதல்தா சிரித்தார். அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

கிடாரை மறுபடி வாசிக்கலாம். டிரம்ஸுக்கு அந்த ஸ்டூடியோ ஆகாது என்று அவரே சொன்னார். சுவரெல்லாம் மெத்தை, உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் அறை. "பெரிய இடம் வேண்டும், இரும்பும் செங்கல்லுமாக" என்றார். ஹவுராவில் தேபுவின் அப்பாவுக்கு வார்ப்புப் பட்டறை இருக்கிறதே, அந்தத் தகரக் கூரை ஷெட் நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே பொழுது விடிந்தால் மெஷின், அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலும் மெஷின். ஹவுராவில் எல்லா மெஷினும் நிற்கிற நாள் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, டிரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

சிரிக்காதே. மெஷின் ஒன்றுகூட ஓடவில்லை. ஆனால் பட்டறைக்கு ஒரு பூஜை, பூஜைக்கு ஒரு மைக் செட்! நாலு திசையிலும் நாலு சினிமாப் பாட்டு. கூரை மேலே பட்டம் விடுகிறவர்கள் வேறு "போ-காட்டா" என்று கத்துகிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில். தேபு அந்தத் தெருவிலேயே பிறந்தவன். விஸ்வகர்மா பூஜைக்கு மைக் கட்டுவார்கள் என்று எங்களில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை, மெஷின் மெஷின் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சப் போன தேபு, ஒவ்வொரு பந்தலிலும் கிச்சடிப் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். சத்தம் குறையவில்லை.

நான் ஒரு வார்ப்பு அச்சின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். துர்கா பூஜைக்கு இதைவிடப் பத்து மடங்கு மைக் இருக்கும், அதை விட்டால் தீபாவளியே வந்துவிடும். அந்த மத்தியானத்தோடு எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்போது கரெண்ட் போனது.

எல்லா மைக்கும் ஒரே நேரத்தில் செத்தன. ஹவுராவே வாயை மூடிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாசிப்பதாகத்தான் ஏற்பாடு, கரெண்ட் இல்லாமல் தேபுவும் ஜோயும் எப்படி வாசிப்பார்கள்? நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பாதல்தா ரெக்கார்டரைத் தட்டிக் காட்டுகிறார். அது பாட்டரியில் ஓடுகிறது. "டிரம்ஸுக்குக் கரெண்ட் வேண்டுமா? உட்கார், பாட்டு உனக்கு மனப்பாடம்தானே" என்றார்.

ஒன்பது பாட்டும் தனியாக வாசித்தேன், அக்கா. எந்த நிமிஷம் கரெண்ட் வருமோ தெரியாது, தப்பு விட்டால் திரும்ப வாசிக்க முடியாது. எனக்கு இடம் தவறக்கூடாதே என்று தேபு என் எதிரே நின்று சத்தமில்லாத கிடாரை வாசிக்கிறான். ஜோய் வாயை மட்டும் அசைத்துத் தொண்டை புடைக்கப் பாடுகிறான். செருப்புச் சத்தம் கேட்கும் என்று இரண்டு பேரும் வெறுங்கால். நான் அடிக்கிற அடிக்குக் கூரையிலிருந்து துரு உதிர்ந்து என் தலை மேல் விழுகிறது. பட்டம் விட்டவர்கள் நூல் உருளையோடு வாசலில் வந்து கூடிவிட்டார்கள். பாதல்தா உதட்டில் விரலை வைத்ததும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. கடைசி அடி விழுந்த பிறகும், கூரையில் அது சுற்றி அடங்கும்வரை அவர் கையை உயர்த்தியே வைத்திருந்தார். கையை இறக்கினார். அப்புறம் அந்த ஷெட்டில் எழும்பிய கூச்சல் திருச்சி வரை கேட்டிருக்க வேண்டும்.

கரெண்ட் சாயங்காலம்தான் வந்தது. அவ்வளவு அவசரப்பட்டே இருக்க வேண்டாம்.

கொப்புளத்துக்கு அம்மா தேங்காயெண்ணெய் தடவுகிறாள், மிச்சத்தைத் தலையில் தேய்க்கிறாள். டிரம்ஸ் போர், தலைமுடிப் போர், இரண்டையும் ஜெயித்துவிட்டாய்.

உன்
சாதனா


திருச்சி-14
4 அக்டோபர் 1998

அன்புள்ள சாதனாவுக்கு,

ஆசிகள், ஆசிகள். எல்லாரும் நலம். கொப்புளம் ஆறியதா?

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி வாசலிலேயே நின்று படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. சாயங்காலம் அத்திம்பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கரெண்ட் போன இடத்தில் "சபாஷ்" என்று தொடையில் தட்டினார், கையில் காப்பி இருந்தது. நான் அழுதேனா என்று நீ கேட்பாய். அழுதேன். உன்னிடமிருந்து கடிதம் வராத நாட்களுக்கும் சேர்த்து அழுதேன். கடுமையாக எழுதியதற்கு வருத்தப்பட்டேன், எழுதியதற்கு வருத்தப்படவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குப் புரியும்.

இப்போது ஒன்று சொல்கிறேன். பாதல்தா நல்லவர், ஆனால் பழக்கம் பொல்லாதது. மிக்ஸ் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார். எதிரொலி எங்கே இருக்கிறதோ அந்தத் திருகின் மேல் உன் கை இருக்கட்டும். அவர் மனம் நோகுமே என்று இந்தத் தடவை யாரும் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். மாவடு, ஊருக்கு வருகிற பட்டு மாமி வழியாக அனுப்பியிருக்கிறேன். பாதல்தாவுக்கும் அதில் ஒரு பாட்டில்.

முடித்துவிட்டு எழுது, நடுவில் எழுத வேண்டாம்.

நாகலட்சுமி


கல்கத்தா-29
27 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம். இங்கே குளிர் வந்துவிட்டது. அப்பா மங்கி குல்லாய்க்குள் போய்விட்டார், இனி பிப்ரவரியில்தான் வெளியே வருவார். முடித்துவிட்டு எழுதச் சொன்னாய். முடிந்துவிட்டது!

ஹவுரா டிரம்ஸைப் பாதல்தா தன் பெரிய டேப்பில் ஏற்றினார். அதன் மேல் தேபுவும் ஜோயும் மறுபடி வாசித்தார்கள். தேபுவின் ஆம்ப்ளிஃபயரை மெத்தை அறையிலிருந்து எடுத்து மாடிப்படி வளைவில் வைத்தோம். மேல்வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டபோது பாதல்தா அவருக்கும் டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டார். மிக்ஸ் செய்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் கை ஒவ்வொரு தடவையும் பழைய இடத்துக்குத்தான் போகும். நான் "தாதா" என்பேன், கையை இழுத்துக்கொள்வார். நாலைந்து பாட்டுக்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேண்டாமா?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்!

கேள், இதுதான் விசேஷம். டேப் போன நாலாம் நாள் காசெட் கம்பெனியிலிருந்து போன். "உங்கள் டேப்பில் கோளாறு, ஒரே இரைச்சல். கவலைப்படாதீர்கள், நாங்களே சுத்தம் செய்து போட்டுவிடுகிறோம்." பெஹாலாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பாதல்தா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, டிபன் பாக்ஸில் லுச்சி கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒன்றையும் தொடாதே. இது கோளாறு இல்லை. வேண்டுமென்றே போட்ட இரைச்சல். போட்டவன் நான்" என்றார். போட்டவன் நான் என்று அவர் சொன்னபோது அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காசெட் எல்லாம் ஓடி முடியும்வரை இரண்டு நாள் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

போன சனிக்கிழமை ஜாதவ்பூர் பக்கம் ஒரு காலேஜ் விழாவில் வெளியீடு, ஜோய்க்கு அதுவே வழியனுப்பு விழாவும். ஹால் நிரம்பி ஜன்னலிலும் ஆள். காசெட் கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிள்ளைகள் மூன்றாவது பாட்டை எங்களோடு சேர்ந்து கத்துகிறார்கள். நான் நிமிர்ந்து பார்த்தால் அப்பாவும் அம்மாவும் சுவரோரம் நிற்கிறார்கள், அப்பா காதில் பஞ்சு. பாதிக்கு மேல் பஞ்சு கையில். வீட்டுக்கு வரும்போது டாக்ஸியில், "ஆத்துல வாசிச்சா தலை வலிக்கிறது, இங்க ஒண்ணும் பண்ணலை" என்றார். அவ்வளவு சொன்னதே அவருக்கு அதிகம். கொண்டுபோன காசெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. உனக்கென்று ஒன்றை மட்டும் அம்மா புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள்.

அதுதான் இந்தப் பார்சல். இந்தத் தடவை நான் ஒன்றும் கேட்கமாட்டேன், நீ மாவடுவைப் பற்றி எழுதினாலும் சரி. ஆனால் அக்கா, நீ கேட்காதவரைக்கும் எனக்கு இது முடிந்ததாகத் தோன்றாது.

உன் காதுகளை நம்பிக் காத்திருக்கும்
சாதனா


திருச்சி-14
9 ஜனவரி 1999

சாதனா,

ஆசிகளும் க்ஷேமமும் கடைசியில் எழுதுகிறேன், இப்போது கை நிற்கவில்லை.

பார்சல் காலையில் வந்தது. அத்திம்பேர் ஆபீஸ் போய்விட்டார். மாமியார் உள்ளே ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் காசெட்டைப் போட்டேன். சத்தத்தை எவ்வளவு வைப்பது என்று தெரியாமல், போன தடவை வைத்த அளவுக்கே வைத்தேன்.

அடேயப்பா! முதல் அடியிலேயே ஷெல்ஃபில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. தேபுவின் கிடாருக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை, அது அறுக்கிறது. ஜோய் பாடவில்லை, தொண்டையைப் பிய்த்துக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால், அவனைப் பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு, நீ. அந்த வலது பாதம். ஒரு மயிரிழை பிந்தி விழுகிற அந்தக் கை. கண்ணை மூடினால் நீ உதட்டைக் கடித்துக்கொண்டு வாசிப்பதுகூடத் தெரிகிறது. தகரக் கூரையும் கேட்கிறது, கூரைக்கு மேலே வெயில் அடிப்பதுகூடக் கேட்கும் போலிருக்கிறது. நன்றாக இருக்கிறது, சாதனா. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. பாதல்தாவிடம் நான் இப்படி மூன்று தடவை எழுதியிருக்கிறேன் என்று சொல். ஒன்றையும் முழுங்காமல் சொல்.

மூன்றாவது பாட்டில் எழுந்து சத்தத்தை இன்னும் ஏற்றினேன். ஷியாமளா மாமி ஜன்னலைத் திறந்தாள். திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்கு இதை எழுதியதே இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நம் வீட்டு மனிதர்கள் வந்தாலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசி, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்பாவே அப்படித்தான். நானும் இங்கே மெதுவாகவே பேசிப் பழகிவிட்டேன். நம் வீட்டுச் சத்தம் இந்தச் சுவருக்குள் இன்றுவரை கேட்டதில்லை.

மாமியார் ஸ்லோகத்தை நிறுத்திவிட்டு, பாட்டையும் மீறி உள்ளேயிருந்து கத்திக் கேட்டார்: "நாகு, யாரு வந்திருக்கா?"

நானும் அதைவிடச் சத்தமாகச் சொன்னேன்: "என் தங்கை வந்திருக்கா, அம்மா!"

இங்கே எல்லாரும் க்ஷேமம். அங்கே எல்லாருக்கும் என் அன்பு.

உன் அக்கா
நாகலட்சுமி